உடைசல் அட்டை

அட்டையில் ஒரு நொய்யரிசி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதை நான் நிரப்பினேன். எதை வைத்து நிரப்பினேன் என்று சொல்வதற்குத்தான் இத்தனை பேச்சு.

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. நாலு தடவை ஷேவ் பண்ணிவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் ரேசர் செய்கிறோம். பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்குமே, அதுதான். ரேசரின் தலையைப் பூட்டுகிற லைனுக்கு நான் லீடர். பெயர் ஷைனி. ஆறு வருஷமாக இதே வேலை பார்த்ததில், யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அவர்கள் தாடைக்குத்தான்.

ஒரு ரேசர் தலைக்குள் ஐந்து சாமான்கள் இருக்கின்றன. அடியில் ஒரு பிளாஸ்டிக் படுக்கை, அதில் நிமிர்ந்து நிற்கும் சின்னச் சின்ன முளைகள். அந்த முளைகளில் துளையைக் கோத்து ஒரு பிளேடு உட்காரும். அதன் மேல் ஒரு இடைத்தகடு, அதற்கும் மேல் இரண்டாவது பிளேடு, கடைசியில் மூடி. சூடான அச்சு இறங்கி அமுக்கியதும் முளைகளின் நுனி உருகிப் பரந்துவிடும். பூட்டியாயிற்று. அதற்குப் பிறகு அதைத் திறக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். இரண்டு பிளேடுக்கும் நடுவில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். குழாயில் காட்டினால் நுரையும் முடியும் அலசிக்கொண்டு போவதற்காக யாரோ ஒரு புத்திசாலி யோசித்து வைத்த சந்து அது. ஆனால் உடைந்த பிளேடுத் துணுக்கு ஒன்று பறந்து போய் ஒளிந்துகொள்ள அதைவிடத் தோதான இடமும் கிடையாது. லைனில் இருக்கிற கேமரா வெட்டுமுனையை மட்டும் பார்க்கும். இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவி வைக்கலாமென்றால், ரேசர் தலையிலேயே இரும்பு இருக்கிறது.

அதனால்தான் உடைசல் அட்டை. ஒரு பிளேடின் உருவம் அதே அளவில் அதில் அச்சாகியிருக்கும். பிளேடு உடைந்தால் லைனை நிறுத்த வேண்டும். காந்தக் குச்சியை வைத்துத் துண்டுகளைப் பொறுக்கி, அந்த உருவத்தின் மேல் அடுக்கி, செலோ டேப் ஒட்ட வேண்டும். உருவம் முழுசாக நிரம்பினால் மூன்று கையெழுத்து, லைன் மறுபடி ஓடும். நிரம்பாவிட்டால், கடைசியாகச் சோதித்த நேரத்திலிருந்து பூட்டிய தலைகள் அத்தனையும் நொறுக்குகிற மெஷினுக்குப் போகும். இதில் பேரமே கிடையாது.

அன்றைக்கு எனக்குக் காலை ஷிப்ட், ஆறிலிருந்து இரண்டு. ஒரு மணிக்குச் சோதனை முடிந்து லைன் ஓடியது. ஒன்று இருபதுக்கு மெஷின் கறக்கென்று கடித்துக்கொண்டு நின்றது. பிளேடு உடைந்திருந்தது. மெஷினில் இருந்த பூமிகாவின் முகம் வெளுத்துவிட்டது. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, காண்ட்ராக்ட் பெண். அந்த வாரத்தில் அவள் கையில் இது மூன்றாவது உடைசல். முந்தின இரண்டிலும் துண்டு கிடைக்காமல் தலைகளை நொறுக்க வேண்டியதாயிற்று.

"அக்கா, இந்த வாட்டியும் கெடைக்கலன்னா என்னைய அனுப்பிடுவாங்கக்கா."

"வாய மூடிகினு டார்ச்ச புடி" என்றேன்.

நான்தான் மெஷினுக்குள் குனிந்து தேடினேன். கம்பெனி கோட்டின் மேல் பட்டனை நான் போட்டிருக்கவில்லை. அதைப் போடாத பெண்களைத் தினமும் திட்டுகிறவள் நான்தான். ஆனால் வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. ஒரு மணி தாண்டினால் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும், பட்டன் போட்டால் உயிர் போகும். பால் கசிந்து கோட்டு நனையாமல் இருக்க, பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து உள்ளே வைத்திருந்தேன்.

நாலு துண்டு கிடைத்தது. அடுக்கினேன். ஒரு மூலை மட்டும் இல்லை. காலி இடத்தின் வெளிப்பக்கம் பிளேடின் நேர்க் கோணம், உள்பக்கம் ஒரு சின்ன வளைவு, முளை நுழைகிற துளையின் விளிம்பு. மறுபடியும் குனிந்தேன், தரையில் தவழ்ந்தேன், காந்தத்தைத் தட்டு தட்டாகக் காட்டினேன். மணி ஒன்று நாற்பது. இரண்டு பத்துக்குக் கம்பெனி பஸ். அதை விட்டால் அடுத்த பஸ் நாலரைக்கு.

பூமிகாவுக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை நெஞ்சு வலிதான். வீட்டுக்குப் போய்க் குழந்தையை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது என் மண்டையில் இல்லை.

பழைய உடைசல்களைப் போட்டு வைக்கிற சிவப்பு டப்பாவின் சாவி லீடரிடம்தான் இருக்கும். பூமிகாவைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். டப்பாவைத் திறந்து, துளை விளிம்போடு இருக்கிற மூலைத் துண்டு ஒன்றைத் தேடினேன். ஐந்தாறு துண்டு வைத்துப் பார்த்து, கடைசியில் ஒன்று பொருந்தியது. ஓரத்தைக் குறடால் கிள்ளி ஒட்டினேன். அத்தனை கச்சிதம். என் கையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. தூ.

ஷிப்ட் இன்சார்ஜ் ஜெரால்ட் சார் வந்தார். யாரையும் நம்பாத ஆள். எண்ணெய் டப்பாவைக்கூட ஆட்டிப் பார்த்துதான் வாங்குவார்.

"ஃபுல்லாம்மா?"

"ஃபுல் சார்."

அட்டையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு மணிக்கும் ஒன்று இருபதுக்கும் நடுவில் பூட்டிய தலைகள் பன்னிரண்டு தட்டு, தட்டுக்கு நூறு. அவை அலமாரியில் சமத்தாக உட்கார்ந்திருந்தன. நாலு மணிக்கு அவற்றில் கைப்பிடி மாட்டி, மற்ற தலைகளோடு ஒரே தொட்டியில் கொட்டுவார்கள். அதற்குப் பிறகு எந்தத் தலை எந்தத் தட்டில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஓடினேன். கேட்டில் செக்யூரிட்டி விக்டோரியா அக்கா கருவியை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் பிளேடை வெளியே கொண்டு போகக் கூடாது என்பதற்காக இருக்கிற கருவி. தங்கத்துக்குச் சத்தம் போடாது, இரும்புக்கு மட்டும்தான் கத்தும். லைனுக்குள் ஊக்கு கூடாது. அதனால் காலையில் தாலியில் கோத்திருக்கிற ஊக்குகளைக் கழற்றி லாக்கரில் வைப்போம், ஷிப்ட் முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வோம். கேட்டில் அவற்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். யார் காட்டுகிறார்கள்? தினமும் இருநூறு பெண்கள், இருநூறு தாலி. கருவி நெஞ்சுக்கு நேரே கத்தும், அக்கா கேட்பாள், நாங்கள் தலையாட்டுவோம்.

அன்றைக்கும் கத்தியது.

"ஊக்கா?"

"ஊக்குதான்க்கா."

"போ போ, பஸ்ஸு உறுமிகினு நிக்குது."

பஸ்ஸில் பூமிகா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கண்டுபுடிப்பன்னு தெரியும்க்கா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டிரைவர் ஆதிநாராயணன் அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுத்தைச் சொறிந்தார். அன்று காலைதான் ஷேவ் பண்ணியிருப்பார் போல, காதுக்குக் கீழே சிவந்திருந்தது. எனக்கு அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. சந்துக்குள் செங்குத்தாக நிற்கிற ஒரு துணுக்கு அந்தக் கழுத்தில் மேலிருந்து கீழே இழுபட்டால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு பள்ளத்திலும் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்து ஷேவ் பண்ணுகிற ஏதோ ஒரு ஆள். மீசை முளைக்கிற ஏதோ ஒரு காலேஜ் பையன். மாதாவே, அது எந்த ரேசரிலும் இருக்கக் கூடாது, மெஷினுக்கு அடியில் கிடக்கட்டும், தரை ஓட்டையில் போயிருக்கட்டும். நான் இறங்குகிற கவரப்பேட்டை வருகிற வரைக்கும் இதேதான்.

இறங்குகிறபோது பூமிகாவின் பை என் தோளில் உரசியது. அவ்வளவுதான். நான் ஒன்றும் கவனிக்கவில்லை.

பக்கத்துப் போர்ஷன் ஹெலன் அக்காதான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். என் வீட்டுக்காரர் ஸ்டீபனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை, உள்ளே போனால் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரியானா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கையை மட்டும் கழுவிவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். நனைந்த துணியை உருவிப் பாயில் போட்டேன். அவள் குடிக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடினேன். அந்த நாளில் நான் நிம்மதியாக மூச்சு விட்டது அந்த ஐந்து நிமிஷம்தான்.

வயிறு நிறைந்ததும் அவளைப் பாயில் இறக்கிவிட்டேன். ஹெலன் அக்கா நைட்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஷைனி, ஜிப்பு பூட்ச்சிடி. ஒரு ஊக்கு குடேன்."

"இரு அக்கா, தரேன்." கை தானாகத் தாலிக்குப் போனது. கயிறு இருந்தது, சிலுவை இருந்தது. ஊக்கு இல்லை.

"இன்னாடி முழிக்கிற?"

"காலைல பூமிகாவுக்குப் பை வாரு அறுந்து போச்சுக்கா. ரெண்டு ஊக்கையும் அவளுக்குதான்…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டேன். லாக்கரில் இன்று நான் ஊக்கு வைக்கவில்லை. எடுத்து மாட்டவும் இல்லை. கேட்டில் என் நெஞ்சுக்கு நேரே கத்தியது எது?

குனிந்தது. பட்டன் போடாத கோட்டு. மடித்த துணி.

துணி பாயில் இல்லை. ரியானாவின் வாயில் இருந்தது. ஒரு முனையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, புதிதாக முளைத்த இரண்டு பல்லால் அதைக் கடித்து இழுத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தினேனாம். ஹெலன் அக்கா பிறகு சொன்னாள், எனக்கு நினைவில்லை. துணியை மெதுவாக இழுக்க வேண்டும், பிடுங்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. அவள் வாயைத் திறந்து, ஒவ்வொரு இழையாக வெளியே எடுத்தேன். விரலை உள்ளே விட்டு ஈறு, நாக்கு, நாக்குக்கு அடியில், கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் தடவினேன். ரத்தம் இல்லை. அவள் வீறிட்டு அழுதாள். அழட்டும்.

துணியை வெளிச்சத்தில் பிரித்தேன். முதல் மடிப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவது மடிப்பில், இழையில் மாட்டிக்கொண்டு, மினுக்கென்று ஒரு துண்டு. என் பிளேடு. ஆறு வருஷம் பார்த்த பளபளப்பு, தெரியாதா எனக்கு?

அதை டேப்பில் ஒட்டி எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதேன். சந்தோஷ அழுகை. குழந்தை தப்பித்தது, எவனோ ஒருவனின் கழுத்தும் தப்பித்தது. துண்டு ரேசரில் இல்லை. அப்படியென்றால் அட்டை பொய்யாக இருந்தாலும் சரக்கு சுத்தம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இதை யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு துண்டை மறுபடி பார்த்தேன். நேர்க் கோணம் இருந்தது. வளைவு இல்லை.

திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். துளை விளிம்பே இல்லை. சிவப்பு டப்பாவில் அந்த வளைவுக்காகத்தானே அத்தனை நேரம் துழாவினேன்? இது பாதிதான். மூலை இரண்டாக உடைந்திருக்கிறது. வளைவு இருக்கிற பாதி இன்னும் எங்கேயோ இருக்கிறது. எள் அளவுதான் இருக்கும்.

துணியை இழை இழையாகப் பார்த்தேன், இல்லை. ஜாக்கெட்டை உதறினேன், பாயைப் புரட்டினேன், பிரிட்ஜில் ஒட்டியிருந்த மாதா படத்துக் காந்தத்தைப் பிடுங்கித் தரையெல்லாம் தேய்த்தேன். இல்லை. ரியானா அழுகையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அவளை வாரித் தூக்கிக்கொண்டேன்.

மணி மூன்று இருபத்தைந்து. ஹெலன் அக்கா ஆட்டோ பிடிக்க ஓடினாள். நான் ஜெரால்ட் சாருக்குப் போன் போட்டேன். காலை ஷிப்ட் முடிந்தாலும் நாலு மணிவரை அவர் கணக்கு ஒப்படைத்துக்கொண்டு அங்கேதான் இருப்பார்.

"சார், ஒண்ணு இருவது அட்டை பொய் சார்."

"இன்னாம்மா சொல்ற?"

"மூலைத் துண்டு நம்ம பிளேடு இல்ல சார். டப்பாவுலருந்து எடுத்து நான்தான் ஒட்னேன். பூமிகாவுக்குத் தெரியாது. அந்தப் பன்னண்டு தட்டையும் நிறுத்துங்க சார்."

"அப்ப நம்ம துண்டு எங்க?"

"பாதி என் கையில கீது சார். என் துணில மாட்டிகினு ஊட்டுக்கு வந்துடுச்சு. மீதிப் பாதி தெரியல. பாப்பா அந்தத் துணிய வாயில வெச்சிருந்துச்சு சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "குழந்தைய மொதல்ல தூக்கிகினு போ" என்றார். போன் வைக்கிற சத்தம்.

பொன்னேரிக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ரியானா என் மடியில் உட்கார்ந்து சிலுவையை இழுத்து விளையாடினாள். ஒவ்வொரு தடவை அவள் முகம் சுளித்தபோதும் எனக்குள் ஏதோ கிழிந்தது. நாலரை தாண்டியதும் போன் அடித்தது. பூமிகா. ஜெரால்ட் சார் கூப்பிட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பிக் கம்பெனிக்குப் போயிருக்கிறாள்.

"அக்கா, சட்டப்படி எல்லாத்தையும் நொறுக்கணும். நொறுக்குனா துண்டு எங்கன்னு தெரியாமயே பூடும்னு சார் நொறுக்க உடல. ரெண்டாவது ஷிப்ட்டு பொம்பளைங்க எல்லாரையும் உக்கார வெச்சிட்டாரு. ஒவ்வொரு தலையா லைட்டுல தூக்கிப் புடிச்சு சந்துல வெளிச்சம் வர்தான்னு பாக்கறோம்க்கா. ஆறு தட்டு ஆச்சு. இல்ல."

"இன்னும் ஆறு இருக்கா?"

"ஆறு இருக்குதுக்கா."

போனை வைத்தேன். மாதாவே, அந்த ஆறு தட்டில் இருக்கட்டும். ரேசரில் இருக்கட்டும் தாயே. எந்தத் தலையில் வேண்டுமானாலும் இருக்கட்டும், எவன் முகத்தை வேண்டுமானாலும் கிழிக்கட்டும், என் பிள்ளை வயிற்றில் மட்டும் வேண்டாம். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல, பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் வரும்போது எந்த ரேசரிலும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டதும் இதே வாய்தான்.

"உள்ள வாங்கம்மா. நீங்களும் புடிச்சுக்கணும். ஊக்கு, ஹேர்பின்னு ஏதாவது கீதா?" என்று எக்ஸ்ரே எடுக்கிறவர் கேட்டார்.

இந்தத் தடவை கையால் தடவிப் பார்த்து, குனிந்து கண்ணாலும் பார்த்துவிட்டு, "இல்லை" என்றேன்.

படத்தில் சின்னச் சின்ன விலா எலும்புகள், வெள்ளையாக. வயிற்றில், தொண்டையில், எங்கேயும் ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்கள், நான் நாலு தடவை கேட்டேன். வராந்தாவுக்கு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஜெரால்ட் சார் போன் பண்ணினார்.

"குழந்தை?"

"ஒண்ணும் இல்ல சார்."

பெருமூச்சு கேட்டது. "பதினோராவது தட்டு. சந்துக்குள்ள நெட்டுக்குத்தா நின்னுகினு இருந்துச்சு. பாதி முனை வெளில. பூமிகாதான் புடிச்சா." பிறகு சொன்னார்: "நாளைக்கு உன் பாதிய எடுத்துகினு வா. அட்டைய ஒழுங்கா முடிச்சு கையெழுத்து போடு. அப்புறம் ஆபீஸ் ரூமுக்கு வா. நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"சரி சார்" என்றேன்.

மறுநாள் ஆபீஸ் ரூமில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவை எப்போது திறந்தாய், குறடு எங்கே இருந்தது, கேட்டில் என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. நான் வேண்டிக்கொண்டபடிதான் அது ரேசரில் இருந்தது.